எறும்புகளுக்குத் தெரிந்தது

ஜூன் 11

சர்க்கரை அளவை எழுதிவரச் சொல்லி டாக்டர் ரெஜினா ஓர் அட்டை கொடுத்திருக்கிறார். காலை, மதியம், ராத்திரி என்று கட்டம் கட்டமாக இருக்கிறது. அதில் எண் எழுதலாம், திட்ட முடியாது. எனக்குத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. வெல்ல மண்டிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. இதில் திட்டிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். பதினேழு வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது. சின்ன வயசு, ஒல்லி உடம்பு, அதனால் முதல் வகை என்று முடிவு கட்டினார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களெல்லாம் அழிந்துவிட்டன, இனி ஆயுசுக்கும் ஊசி என்றார்கள். இருபது வருடமாக வயிற்றிலும் தொடையிலும் குத்திக்கொண்டு வருகிறேன். இன்று அந்த அம்மா ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, "டீச்சர், உங்க செல்லு ஒன்னும் அழியல. நல்லாத்தான் இருக்கு," என்கிறார்.

அவருக்குச் சந்தேகம் வந்ததே நான் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு பழைய கதையால்தான். திருச்செந்தூர் போனபோது ஊசிப் பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். திருவிழாக் கூட்டத்தில் எங்கே போய் மருந்துக்கடை தேட? இரண்டு நாள் ஊசியில்லாமல் இருந்தேன். தாகமாக இருந்தது, தலை சுற்றியது, அவ்வளவுதான். "நிஜமாவே முதல் வகையா இருந்தா அந்த ரெண்டு நாள்ல உங்கள ஐ.சி.யூ.வுலதான் பாத்திருப்போம்," என்றார். பிறகு என் அப்பாவைப் பற்றிக் கேட்டார், அப்பாவின் அப்பாவைப் பற்றிக் கேட்டார். மூன்று தலைமுறைக்கும் முப்பது வயதுக்குள் சர்க்கரை வந்திருக்கிறது. ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்.

எனக்கு ஒரு மரபணுவில் பிழையாம். அப்பாவிடமிருந்து வந்தது. அந்த மரபணு ஒரு புரதத்தை உண்டாக்குகிறது. டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்திலிருக்கும் மரபணுக்களை முடுக்கி விடுவது அந்தப் புரதத்தின் வேலை. அது ஒழுங்காக உட்கார்ந்தால்தான் கணைய செல்லுக்கு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது தெரியும், இன்சுலினை வெளியே விடும். என்னிடம் பாதிதான் ஒழுங்காக உட்காருகிறது. இந்த வியாதிக்கு மாத்திரையே போதும் என்கிறார்.

சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. வருஷா வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு இதே பாடத்தை நடத்துகிறவள் நான்.

ஜூன் 12

இவரிடம் சொன்னேன். இவருக்குக் கடலை மிட்டாய்த் தொழில். இளையரசனேந்தல் ரோட்டில் ஷெட். எதைச் சொன்னாலும் ஷெட்டுக்குள் கொண்டுபோய் வைத்துத்தான் புரிந்துகொள்வார்.

"அப்போ அடுப்பு இருக்கு, வெல்லம் இருக்கு, பருப்பு இருக்கு. அடுப்பப் பத்த வைக்கச் சொல்ற மேஸ்திரிதான் ஒழுங்கா வேலைக்கு வாரதில்ல. அப்படித்தான?"

"அப்படித்தான்."

"இந்த மாத்திர மேஸ்திரியக் கூட்டியாந்துருமா?"

"அவரு வரமாட்டாரு. மாத்திர பின்வாசல் வழியாப் போயி அடுப்பப் பத்த வச்சிரும்."

"செத்துகித்து வச்சிராத," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பயம் வந்தால் அவருக்கு அப்படித்தான் பேச வரும்.

ஊசியை நிறுத்தியே தீர்வது என்று இருக்கிறேன். பார்த்துவிடலாம்.

ஜூன் 14

சனிக்கிழமை. மாவு ஆட்டினேன், மகள் பூரணியின் ஹாக்கி சாக்ஸை ஊற வைத்தேன். ஊறிய தண்ணீர் கரிசல் மண்ணாக இறங்கியது. பதின்மூன்று வயதுப் பெண்ணின் காலில் இவ்வளவு மண் எப்படி ஒட்டுமோ.

வீட்டின் பின்பக்கம் வெளிப் பாத்ரூமில் ஒரே எறும்பு. வாசல்படி தொடங்கி உள்ளே கக்கூஸ் கோப்பை வரைக்கும் கோடு போட்டதுபோல வரிசை. அங்கே கம்பியில் இவருடைய கைலி தொங்கியது. மடிப்பில் பாகு காய்ந்து விறைத்திருந்தது. கடலை மிட்டாய்க்காரர் வீட்டில் எறும்பு இல்லாமல் இருக்குமா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கும் எறும்புக்கும் சண்டைதான். கைலியை எடுத்து ஊறப்போட்டு, ஃபினாயில் ஊற்றிக் கழுவினேன். வெளிப் பாத்ரூம் பூரணிக்கு. கிரவுண்டிலிருந்து புழுதியோடு நேரே வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான்தான் பழக்கினேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் அவளுக்கு மாவட்ட அணித் தேர்வு. இப்போதே ஸ்டிக்கைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ஜூன் 18

இன்று ஆரம்பம். ஊசி பாதி, மாத்திரை கால். ஒரு டப்பா நிறையப் பட்டைகள் கொடுத்திருக்கிறார். சிறுநீரில் நனைத்தால் இரண்டு கட்டங்களில் நிறம் மாறும். ஒன்று சர்க்கரைக்கு, இன்னொன்று உடம்பில் இன்சுலினே இல்லாவிட்டால் சேரும் கீட்டோனுக்கு. கீட்டோன் கட்டம் ஊதாவாகிவிட்டால் உடனே ஊசியைப் போட்டுக்கொண்டு ஓடிவர வேண்டும். அதற்கு அர்த்தம், டாக்டர் சொன்னது தப்பு, என் செல்கள் செத்தே போய்விட்டன என்பது.

ஜூன் 19

காலை அளவு மோசம். சாயங்காலம் அதைவிட மோசம். ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். டாக்டருக்குப் போன் போட்டேன். "ஊதா வந்துச்சா? வரலல்ல? பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க," என்றார். ஊசியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஜூன் 26

மாத்திரை அரையாகிவிட்டது. ஊசி காலையில் மட்டும். ஊதா வரவில்லை.

இவர் பருப்புக் கொள்முதலுக்கு வெளியூர் போய் நான்கு நாளாகிறது. போகும் அவசரத்தில் கைலியைப் பழையபடி வெளிப் பாத்ரூமில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. திட்டிக்கொண்டே துவைத்தேன்.

ஜூன் 28

இன்றைக்கு அதே கம்பியில் இன்னொரு அழுக்குக் கைலி. ஊரில் இல்லாத மனுஷன் எத்தனை கைலியைத்தான் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போவார்? முந்தாநாள் என் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. அதையும் துவைத்தேன். பூரணி பக்கத்தில் நின்று ரொம்பப் பொறுப்பாகப் பிழிந்து கொடுத்தாள். தேர்வு வருவதால் பெண்ணுக்குப் பக்தி வந்துவிட்டது என்று கேலி செய்தேன். சிரிக்கவில்லை.

ஜூலை 3

ஊசி போடவில்லை. முழு நாள்.

ஜூலை 4

இன்றும் இல்லை. காலை அளவு, நான் ஊசி போட்டுக்கொண்ட காலத்தில்கூட இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. இவர் மீட்டரை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார், அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "மேஸ்திரி இல்லாமயே ஷெட்டு ஓடுதே," என்றார். சிரித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு வயிறு நோகச் சிரித்தேன்.

ஜூலை 9

வகுப்பில் மானம் போனது.

பாக்டீரியா பாடம். ஒரு புரதம் டி.என்.ஏ.மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், உட்கார்ந்திருக்கும் வரை பக்கத்து மரபணு வேலை செய்யாது, பால் சர்க்கரை வந்து அதை எழுப்பிவிட்டால்தான் வேலை தொடங்கும். கரும்பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். முதல் பெஞ்சு மகராசி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அப்போ இந்தப் புரதமெல்லாம் ஒக்காந்தா ஆஃபு, எந்திரிச்சா ஆனு. சரியா?"

"எல்லாம் அப்படியில்ல. நம்ம உடம்புல சிலது ஒக்காந்தாத்தான் ஆனே ஆகும்," என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில் வார்த்தை கிடைக்கவில்லை. கை நடுங்கியது, பலகை இரண்டாகத் தெரிந்தது, வேர்த்துக் கொட்டியது. சர்க்கரை இறங்கிவிட்டது. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன். மகராசிதான் பையிலிருந்து எதையோ உடைத்து வாயில் திணித்தாள். கடலை மிட்டாய்! உறையைப் பார்த்தால் எங்கள் ஷெட்டு மிட்டாய்.

கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில் முதல்முறையாக என் வீட்டுக்காரர் கிண்டிய பாகைத் தின்றேன். நன்றாகத்தான் பதம் பார்க்கிறார் மனுஷன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மயக்கத்தில் அழுகிறேன் என்று பிள்ளைகள் பயந்துவிட்டார்கள்.

டாக்டரிடம் சொன்னதற்கு, "அரை மாத்திரையே உங்களுக்கு ஜாஸ்தியா இருக்கு, கால் போதும்," என்றார். இருபது வருட ஊசிக்குக் கால் மாத்திரை. அரிவாள்மணையில் வைத்து நறுக்குகிறேன், பாதி தூளாகப் போகிறது.

ஜூலை 15

திருநெல்வேலி போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அட்டையைப் பார்த்து என் தோளைத் தட்டினார். ஒரு சந்தேகம் கேட்டேன். ரத்தத்தில் அளவு நன்றாக இருக்கிறது, ஆனால் பட்டையில் மட்டும் சர்க்கரைக் கட்டம் எப்போதும் கறுத்தே போகிறது, அது ஏன்?

"அதே புரதம்தான் டீச்சர். கிட்னியிலயும் அதுக்கு வேலை உண்டு. அங்க வேற மரபணுவ முடுக்கி விடும். ஒன்னுக்குல போற சர்க்கரையப் பிடிச்சு ரத்தத்துக்கே திருப்பி விடுற மரபணு. அது சரியா ஒக்காரலைன்னா அங்கயும் வேலை மந்தம். சர்க்கரை வழிஞ்சு போயிரும். இந்தப் பிழை இருக்குற குடும்பங்கள்ல வியாதி வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே இது தெரியும். ரத்தம் நல்லா இருக்கும். ஒன்னுக்குல மட்டும் சர்க்கரை."

பிறகு, மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே, "மகளுக்குப் பாத்தாச்சா? பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு," என்றார்.

தேர்வு முடியட்டும் என்றேன்.

பஸ் ஏறும் முன்னால் ஃபினாயில் வாங்கினேன். பெரிய பாட்டில்.

ஜூலை 16

வெளிப் பாத்ரூமை இரண்டு தடவை கழுவினேன்.

ஜூலை 20

கைலி விஷயமாக இவரோடு பெரிய சண்டை. இன்று காலையிலும் அங்கே தொங்கியது.

"நான் அங்க போடவே இல்லங்கேன். எங் கைலியெல்லாம் உள்ள கொடியிலதான் போடுவேன்."

"அப்போ கைலி தானா நடந்து போச்சா?"

"எங்கம்மா மேல சத்தியமா நான் போடல வடிவு."

அவர் பொய் சத்தியம் செய்கிறவர் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கத்தினேன். அந்தக் கைலி அவர் போட்டதாகவே இருக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

பூரணி சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

ஜூலை 22

ஷெட்டில் ஆள் வரவில்லையென்று இவர் அங்கேயே தங்கிவிட்டார். விடைத்தாள் திருத்தினேன். 'புரதம் டி.என்.ஏ.வில் அமராவிட்டால் என்ன நிகழும்?' நான் கேட்ட கேள்விதான். ஒரு பிள்ளை, 'கேள்வி தெளிவாக இல்லை, எந்தப் புரதம் என்று சொல்லவில்லை' என்று எழுதியிருக்கிறது. முழு மதிப்பெண் போட்டேன்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த வாரமே விளையாட்டுப் பீரியடில் என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஓட்டத்தில் என்னை ஜெயிக்க அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆள் கிடையாது. ஓடப் போகிற எல்லாரும் என் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, "பாத்துக்கிடு வடிவு," என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பள்ளிப் படிப்பு முடிகிற வரை செருப்புக்குக் காவல் இருந்தேன். பூரணிக்கு இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சோறு ஊட்டும்போதெல்லாம் அதுதான் கதை.

நாளைக்கு அவளுக்குப் பார்த்துவிட வேண்டும். நாளைக்கே.

ஜூலை 23

பார்க்கவில்லை. சுண்டல் ஊறப்போட்டேன்.

ஜூலை 24

பார்த்துவிட்டேன். எழுதுவதற்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் கிரவுண்டிலிருந்து வந்தவளைப் பின்வாசலிலேயே நிறுத்தினேன். ஒரு டம்ளரையும் பட்டை டப்பாவையும் நீட்டினேன்.

"இதுல கொஞ்சம் பிடிச்சிட்டு வா தாயி."

ஏன் என்று கேட்பாள், எதிர்த்துப் பேசுவாள், அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. டம்ளரை வாங்கவும் இல்லை. ஸ்டிக்கைச் சுவரில் சாத்திவிட்டு, படியில் உட்கார்ந்து சாக்ஸை உருவினாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா. எனக்கே தெரியும்."

"என்ன தெரியும்?"

"எறும்பு எங்கிட்டதான் வருது. பொங்கலுக்கு அப்புறமே பாத்துட்டேன். வாளி வாளியா தண்ணி ஊத்தினேன். அப்பவும் வந்துச்சு."

நீட்டிய டம்ளரைப் படியில் வைத்தேன்.

"அப்பா கைலிய நாந்தான் கொடியில இருந்து எடுத்து அங்கன போட்டேன். எறும்பு அதுக்குத்தான் வருதுன்னு நெனப்பியேன்னு. நீ அப்பா மேல சண்டைக்குப் போவன்னு நெனக்கல."

"ஏன்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

அவள் என்னைப் பார்க்காமல் சாக்ஸை உதறினாள். மண் கொட்டியது. "நான் செருப்புக்குக் காவல் இருக்க மாட்டேன்ம்மா," என்றாள். அப்போதுதான் அழுதாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுகிற நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் அதிகம், யார்மேல் என்று தெரியவில்லை. ஆறு மாதமாக என் பிள்ளை தனியாக இதைச் சுமந்திருக்கிறது. நான் ஃபினாயில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். முகத்தைத் துடைத்துவிட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினேன். "ஒன்ன எவனும் உக்கார வைக்க முடியாது. நான் விட மாட்டேன். ஆனா பாத்துத்தான் ஆகணும். வா," என்றேன்.

சர்க்கரைக் கட்டம் கறுத்தது. ஊதா இல்லை. விரலைக் குத்தி ரத்தம் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. "ஒனக்கு மாதிரியே எனக்கும் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். அந்தப் புரதம் என்ன செய்கிறது, எங்கே உட்காருகிறது, கிட்னியில் அதற்கு என்ன வேலை என்று எல்லாம் சொன்னேன். என் வகுப்பில் யாரும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"நீ மாத்திர போட்டும் அது சரியா ஒக்காரலையாம்மா?"

"இல்ல. அது அப்படியேதான் இருக்கும். நாம வேற வழி பாத்துக்கிடணும்."

ஜூலை 25

இவரிடம் நானும் பூரணியும் சேர்ந்து சொன்னோம். முழுக்கக் கேட்டார். முதலில் அவர் வாயிலிருந்து வந்தது, "பாத்தியா! கைலிய நான் போடலன்னு சொன்னேன்ல?" என்பதுதான். எனக்கு அடிக்கலாம்போல இருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதுபோல நின்றார். நான் போய்ப் பார்த்தபோது சொம்பு நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது. மனுஷன் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

ஜூலை 28

மூன்று பேரும் திருநெல்வேலி போனோம். பூரணிக்கும் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பதில் வர நாளாகும். எங்களுக்குப் பதில் தெரியும்.

டாக்டர் அவளைப் பார்த்துத்தான் பேசினார், எங்களைப் பார்த்து இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "இப்போ உனக்கு வியாதி இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் பாப்போம். ஏற ஆரம்பிச்சா மாத்திரை. அம்மா மாதிரி இருபது வருஷம் தப்பான மருந்துல இருக்க வேண்டியதில்ல. ஏன்னா உனக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சிருச்சு."

"வெளாடலாமா டாக்டர்?"

"வெளாடாமத்தான் இருக்கக் கூடாது."

வரும் வழியில் பஸ்ஸில் இவர் மெதுவாகக் கேட்டார். "பிள்ள நம்ம மிட்டாய் திங்கலாமான்னு கேட்டியா?" கேட்கவில்லை. அடுத்த தடவை கேட்க வேண்டும்.

ஜூலை 31

வெளிப் பாத்ரூமில் எறும்பு. தண்ணீர் ஊற்றிவிட்டேன், அவ்வளவுதான். ஃபினாயில் பாட்டிலைப் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3

தேர்வு நாள். கிரவுண்டில் அனல். வெள்ளைக் கோடு போட்ட ஆள் பாதிக் கோட்டில் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது என்று எங்கோ போய்விட்டான். ஊசி நின்ற பிறகும் தோளில் மாட்டித் திரிந்த ஊசிப் பையை இன்றுதான் முதல் தடவையாக வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். இடது தோள் காலியாக இருந்தது. அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். கைப்பையில் சர்க்கரை இறங்கினால் போட்டுக்கொள்ள இரண்டு கடலை மிட்டாய். இவர் தன் கையால் தனியாகப் பாகு எடுத்து, தன் கையால் உறை போட்டுக் கொடுத்தது.

தேர்வாளரிடம் நானே போய்ச் சொன்னேன். சொல்ல வேண்டாம், சொன்னால் கழித்துவிடுவார்கள் என்று இவர் நேற்று முழுக்கக் கெஞ்சினார். பூரணிதான், "சொல்லிரும்மா, மறைச்சு மறைச்சு எனக்கு அலுத்துப்போச்சு," என்றாள். டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். அவர் படித்தார். "இப்போ மருந்து எதுவும் எடுக்குதா?" இல்லை என்றேன். "ஓடுமா?" ஓடும் என்றேன். "அப்போ ஓடட்டும். கோடு போடுறவன் எங்கடா போனான்?" என்று திரும்பிவிட்டார். இருபது வருடமாக நெஞ்சில் வைத்திருந்த பயம், அவருக்குச் சுண்ணாம்பைவிடச் சின்ன விஷயம்.

நான் படிக்கட்டில் கீழ்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பூட்ஸ் மாட்டினார்கள். பூரணி என் எதிரே வந்து நின்றாள். ரப்பர் செருப்பைக் கழற்றினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் என் முகத்தையே பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டினேன்.

"கொண்டா. பாத்துக்கிடுதேன்."

கொடுத்துவிட்டு ஓடினாள். செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டம் முடிகிற வரை அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.